ஒரே சட்டி

பவுல் கூடாரம் தைத்தவன்.
நான் படங்கு தைக்கிறேன்,
அப்புத்தளைக் கடைவீதியில்
மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில்.
கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் சுற்றும்
கனத்த படங்கு.
நாலு மணிக்கு மூடுபனி உள்ளே வந்து
வாடிக்கைக்காரர் மாதிரி நிற்கும்.
ஊசி தெரியாது. விரல் பார்த்துக்கொள்ளும்.

அதனால் அவனை எனக்குக் கொஞ்சம் தெரியுமென்று
நினைத்திருந்தேன்.
அவன் சொல்லச் சொல்ல வேறொருவன் எழுதுவான்.
கடைசியில் கோலைத் தானே வாங்கி
பெரிய பெரிய எழுத்தாய்ப் போடுவான்.
என் கடன் நோட்டும் அப்படித்தான் இருக்கும்.

ஆண்டவரோடு அவன் நடந்ததில்லை.
நடந்தவர்கள், கரையில் மீன் சுட்டுத் தின்றவர்கள்
கண்ட கதை ஏட்டில் ஏறுவதற்குள்
இவன் கடிதங்கள் துறைமுகம் துறைமுகமாய்
போய்ச் சேர்ந்துவிட்டன.
தோட்டத்துக் கடிதமென்றால்
ஆபீஸ் மேசையில் மூன்று வாரம் கிடக்கும்.
இது இரண்டாயிரம் வருஷத் தாமதம்,
அதுவும் வேறு யாரோ விலாசத்துக்கு,
பிரித்துப் படித்துத்தான் நமக்கு வந்தது.

ஒன்று மட்டும் எனக்கு அவனிடம் பொறாமை.
பிறவியிலேயே ரோமக் குடிமகன்.
சவுக்கை ஓங்கியவனிடம் எடுத்துச் சொல்ல
அவனிடம் ஒரு வார்த்தை இருந்தது.
என் அப்பாவுக்கு அந்தக் காகிதம்
நாற்பத்தெட்டாம் வயதில் கிடைத்தது.
அதை நாலாய் மடித்து
மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்தார்.
யாரிடமும் எடுத்துக் காட்டவில்லை.

கிருபை, நியாயப்பிரமாணம், நீதிமானாக்கப்படுதல்:
வேதசாஸ்திரக் கல்லூரியில் இதற்கு மூன்று வருஷம்.
நான் படித்தவரையில்
அது சாப்பாட்டில் வந்த சண்டை.
அந்தியோகியாவில் புறஜாதியாரோடு
ஒரே பந்தியில் தின்றுகொண்டிருந்த பேதுரு
எருசலேமிலிருந்து ஆள் வந்ததும்
மெல்ல எழுந்து விலகினான்.
பவுல் எல்லார் முன்னாலும்
முகத்துக்கு நேரே கேட்டான்.
விருத்தசேதனம் என்ன, விசுவாசம் என்ன,
சிலுவை எதற்கு,
எல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

போன மாதம் எங்கள் அறுப்புப் பண்டிகை.
மேல் பிரிவு, கீழ் பிரிவு, கடைவீதிச் சனம்,
கோயில் முற்றத்தில் ஒரே படுதாவில் உட்கார்ந்தோம்.
ஆறு வருஷமாய் அப்படித்தான்.
அது வருவதற்கு எத்தனை பேச்சு நடந்ததென்று
இங்கே சொல்லப்போவதில்லை.
சோறு பாதியில் இருக்கும்போது
அட்டனிலிருந்து பெரிய சபை ஆட்கள், இரண்டு வேனில்.
உள்ளறையில் மேசை போட்டார்கள். வெள்ளை விரிப்பு.
உபதேசியார் ஆசீர்வாதம்
முழங்காலைத் தடவினார், வலி என்றார்,
தட்டோடு எழுந்தார்.
பிறகு கோயில் கணக்கு சாமுவேல்.
பிறகு கீழ் பிரிவுக் கண்டக்டர்.

பிறகு நான்.

பவுலின் கடிதத்தில் என்னைத் தேடினால்
பர்னபா இருக்கிற இடத்தில் பாருங்கள்:
அவனும்கூடப் போய்விட்டான் என்று
கசந்து சொல்கிற அந்த இடத்தில்.
மேசையில் தண்ணீருக்குக் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது.
உண்மையைச் சொன்னால்
எனக்கு அது பிடித்திருந்தது.

வாசலில் வந்து நின்றாள் மேல் பிரிவு எப்சிபாள்.
கை கழுவவில்லை. விரலில் பருப்பு.
"உபதேசியாரே, கறி ஒரே சட்டிதானே?"
அவ்வளவுதான்.
வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை.
வேன் ஓட்டிவந்த பையன் சிரித்து, நிறுத்திக்கொண்டான்.

பேதுரு என்ன பதில் சொன்னான் என்று
பவுல் எழுதவில்லை.
ஆசீர்வாதம் சொன்னதை நானும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தாள்,
இடுப்புப் பக்கம் கிழிந்த படங்கோடு.
இரட்டை நூலில் தைத்தேன்.
காசு வேண்டாமென்றேன்.
எண்ணி மேசையில் வைத்தாள்.
பிறகு தையலின் இரண்டு பக்கமும் பிடித்து
பலமாய் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்,
என்னைப் பார்த்துக்கொண்டே.